ஓடாத மிதிவண்டியில் ஏறிய மலை

முதல் அறிகுறி எனக்கு மார்பில் வரவில்லை, தாடையில் வந்தது. மாரண்டஹள்ளியை அடுத்த மேட்டின் உச்சியில் எங்கள் வீடு இருக்கிறது. உர மூட்டையைக் கேரியரில் கட்டி, மிதிவண்டியை அந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தேன். கீழ்த்தாடை முழுவதும் பல் பிடுங்கிய இடம்போல் வலித்தது. இடது தோளிலிருந்து முழங்கை வரை ஒரு கனம் இறங்கியது. வெயில் அதிகம் இல்லாத காலை வேளை. ஆயினும் சட்டை நனைந்துவிட்டது.

வாய்வு என்று கருதினேன். திரும்பிச் சென்று பெட்டிக்கடையில் எலுமிச்சை சோடா அருந்தினேன். ஏப்பம் வந்தது. வலி தணிந்தது. சோடாதான் தணித்தது என்று நம்பி மறுபடியும் வண்டியைத் தள்ளினேன். தணித்தது சோடா அன்று. நான் நின்றதே அதைத் தணித்தது. உழைக்கும்போது வந்து, ஓய்ந்தால் அடங்கும் வலி தாடையில் வந்தாலும், தோளில் வந்தாலும், மேல்வயிற்றில் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டத் தக்கது. இதைப் படிக்கும் அன்பர்கள் மற்றவற்றை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

மறுநாள் தொலைபேசியில் தளர்ந்துபோன என் குரலைக் கேட்ட மாத்திரத்தில் மகள் சுமதி அழத் தொடங்கினாள். மருமகன் மாதேஷ் அதியமான்கோட்டையிலிருந்து காரில் வந்து என்னை மருத்துவமனையில் சேர்த்தார். ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். பிறகு ஆஞ்சியோகிராம் (மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயக் குழாய்களில் அடைப்பு உள்ள இடத்தைக் காணும் முறை) செய்தார்கள். பெரிய குழாய் ஒன்றில் அடைப்பு இருந்தது. அங்கே ஸ்டென்ட் (குழாயை விரித்து நிறுத்தும் நுண்ணிய வலைக்கூடு) பொருத்தப்பட்டது.

பிழைத்துக்கொண்டேன். ஆனால் வீடு திரும்பவில்லை. என் மனைவி பச்சையம்மாள் காலமான பின் அந்த வீட்டில் நான் தனியே வாழ்ந்து வந்தேன். அந்த மேட்டில் தனி ஆளாக இனி இருக்கலாகாது என்பது சுமதியின் முடிவு. மகளும் மருமகனும் என்னை ஒரு குறையும் இன்றி வைத்திருந்தார்கள். எனினும் சொந்த வீட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பிறர் வீட்டில் காலை எழுவது எவ்வாறு இருக்கும் என்பதை, அவ்வாறு எழுந்தவர்களே அறிவர்.

நான் எப்போது வீடு திரும்பலாம் என்று மருத்துவ அம்மையாரிடம் கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசும் வழக்கம் உடையவர்.

"ஐயா, உங்க வீடு மேட்டுல இருக்கு. நாடித்துடிப்பு நூத்திப்பத்தைத் தாண்டாம, தலை சுத்தாம ஒரு ஏத்தத்தை ஏறிக் காட்டுங்க. அதுக்கப்புறம் நானே அனுப்பி வைக்கிறேன்."

"எந்த ஏத்தம்ங்கம்மா?"

அருகிலிருந்த மாதேஷ் கூறினார்: "நம்ம வூட்லயே ஒண்ணு இருக்குங்க மாமா."

அவர் குறிப்பிட்டது அவருடைய பயிற்சிப் பொறியை. மிதிவண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை அப்பொறியில் மாட்டுகிறார்கள். எதிரே தொலைக்காட்சித் திரையில் ஒரு சாலை விரிகிறது. நாம் மிதித்தால் திரையில் நம் உருவம் நகரும். திரையில் மேடு வந்தால் பொறி தானாக இறுகிக் காலுக்குக் கனம் தரும். உலகின் பல இடங்களிலிருந்து பலர் அவரவர் வீட்டில் மிதித்து, அதே சாலையில் பந்தயம் விடுகிறார்கள். மாதேஷ் ஞாயிறுதோறும் அதில் கலந்துகொள்பவர். மலைப்பாதைப் பந்தயம் ஒன்றில், மிக மெதுவாக ஓட்டுவோருக்கான கடைசிப் பிரிவில் என்னையும் சேர்ப்பதென்று அம்மையாரின் இசைவுடன் முடிவாயிற்று. சில வாரங்கள் சமதளத்தில் மெல்ல மிதித்துப் பழகினேன்.

கருவிகளைப் பற்றிச் சிறிது கூறுவது என் போன்றோருக்குப் பயன்படும். இன்றியமையாதது மின்விசிறி. சாலையில் செல்பவனுக்குக் காற்று தானே வந்து சேரும். அறைக்குள் மிதிப்பவனுக்கு அது வராது. உடல் சூடேறினால் மேட்டைக் காணாமலேயே நாடி ஏறிவிடும். அடுத்தது மார்புப்பட்டை (இதயத் துடிப்பை எண்ணித் திரைக்கு அனுப்புவது). கைக்கடிகாரத்தைவிட இதையே நம்ப வேண்டும் என்றார்கள். பின்புறத்தில் பெரிய பற்சக்கரம் இருப்பின் மேட்டில் கால் இலகுவாகச் சுழலும். மேட்டின் கனத்தில் எவ்வளவு நம் காலுக்கு வர வேண்டும் என்பதையும் குறைத்து வைக்கலாம். நோயாளி அதைக் குறைத்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரையில் ஓட்டுவதற்கும் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சமதளத்தில் காற்றைக் கிழிக்கும் வண்டி ஒன்று. மலைக்கு எடை குறைந்த வண்டி ஒன்று. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் கேட்டேன்.

"மாப்பிள்ளை, ஒண்ணுலயும் கேரியர் இல்லீங்களே?"

"இது ரேஸுங்க மாமா. பால் கேன் கட்டற வண்டி இல்லீங்க."

"ஸ்டாண்டும் இல்ல. எறங்கினா எங்க சாத்தறது?"

"எறங்கவே கூடாதுங்க. அதான் ரேஸு."

மகள் சமையலறையிலிருந்து சொன்னாள்: "அவருகிட்ட அத நல்லா சொல்லி வைங்க. எங்கப்பா மேடு கண்டா எறங்கற ஆளு."

அது மெய். இளமையில் நான் பால் ஊற்றும் தொழில் செய்தேன். பஞ்சப்பள்ளிப் பக்கத்து ஊர்களில் பால் கறந்து வாங்கி, கேரியரின் இரு பக்கமும் கேன் கட்டி, மாரண்டஹள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். அந்தச் சாலையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஏற்றத்தில் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், பின்னால் வருபவர் அவரை மிதித்துத் தாண்டிப் போகமாட்டார். கால்களில் வலு இருந்தாலும் இறங்கி, அவருடன் சேர்ந்து மேடு முடியும் வரை தள்ளிக்கொண்டு நடப்பார். தாண்டிப் போனால், 'என்னால் முடிகிறது, உன்னால் முடியவில்லை' என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகும். மழை, மாட்டுக் காய்ச்சல், பெண் கொடுத்தல், பாகப் பிரிவினை எல்லாம் அந்த மேட்டில்தான் பேசப்பட்டன. உச்சியில் ஏறியதும் பேச்சு அறுந்துவிடும்; இறக்கத்தில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.

பந்தயத்துக்கு முன் மாதேஷ் எனக்கு உத்திகள் கூறினார். தொடக்கத்தில் எல்லோரும் தலைதெறிக்க ஓடுவார்கள். அவர்களோடு ஓடக் கூடாது. சமதளத்தில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டால் திரையிலும் காற்று குறையும்; உழைப்பு மிச்சமாகும். மேடு தொடங்கும் முன்பே கூட்டத்தின் முன்பகுதிக்கு வந்துவிட வேண்டும். பிறகு ஏறும்போது மெல்லப் பின்னே நழுவினாலும் கூட்டத்தின் வாலிலாவது இருக்கலாம். உச்சியைத் தொட்டதும் ஓய்ந்துவிடாமல், இறக்கம் தொடங்கும் வரை மிதிக்க வேண்டும். அம்மையார் ஓர் உத்தி மட்டும் சொல்லியிருந்தார்: "பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு இருந்தா சரி."

ஞாயிறு வந்தது. எடை குறைந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வளைவு நன்றாகவே சென்றது. இரண்டாம் வளைவுக்கு மேலே ஒருவர் சாலையோரம் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் நான் படிக்க அறியாத எழுத்தில் இருந்தது. கொடி எந்த நாட்டுக்குரியதோ தெரியவில்லை. பிறர் அவர் உடலின் ஊடாகவே புகுந்து சென்றார்கள்; திரையில் அது இயலும். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் எண்ணிப் பார்த்துச் செய்ததாகவும் கூற முடியாது. என் கால் அவ்வாறே பழகியிருந்தது. இறங்கிவிட்டேன். கைப்பிடியைப் பற்றி, வண்டியைத் தள்ளுவதற்கு ஓர் அடி எடுத்தும் வைத்தேன்.

கண் இருண்டது. சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா! எதுக்குப்பா எறங்கின?" சுமதி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"அந்த ஆளு நின்னுட்டாரும்மா."

மாதேஷ் திரையைப் பார்த்தார். "அவரு தண்ணி குடிக்கப் போயிருப்பாருங்க மாமா. இல்லன்னா நெட்டு போயிருக்கும்."

"மாரண்டஹள்ளிப் பேச்சே இனி வேணாம்," என்றாள் சுமதி. பொறியின் மின்னிணைப்பைப் பிடுங்கினாள். என் வீட்டுக்குத் திரும்பும் வழி அந்த இரண்டாம் வளைவிலேயே முடிந்துவிட்டது என்று எண்ணினேன்.

மறுவாரம் அம்மையார் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு வினவினார்.

"மூச்சு வாங்கிச்சா? நெஞ்சு வலி?"

"இல்லீங்கம்மா. முன்னால ஒருத்தர் நின்னுட்டிருந்தாருங்க. தாண்டிப் போக மனசு வரல."

அவர் மாதேஷைப் பார்த்தார். "நிஜ ஆளா அது?"

"ஆளு நிஜந்தாங்கம்மா," என்றேன் நான். "மலைதான் பொய்."

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்கினார். மிதிக்கும்போது காலின் தசைகள் ஒரு பம்பைப்போல் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மூளைக்குச் செல்வது ஒரு கணம் குறைகிறது. இதய நோய்க்கான மாத்திரைகள் உண்பவருக்கு இது இன்னும் எளிதில் நேரும். இதயம் தோற்றுப்போனதன் அடையாளம் அன்று அது. நிற்கும் முறையில் நேர்ந்த தவறு.

"யாருக்கு வேணும்னாலும் மரியாதை குடுங்க ஐயா. ஆனா காலை மட்டும் நிறுத்தாதீங்க. வேகத்தைக் குறைச்சு அவங்க கூடவே போங்க. இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

சுமதி இசையவில்லை. அம்மையார் சொன்னதற்காக ஒருமுறை மட்டும் அனுமதிப்பதாகவும், பந்தயம் முடியும் வரை தான் பக்கத்திலேயே நிற்பதாகவும் கூறினாள். அவள் நிற்பதற்கு ஒரு காரணமும் இருந்தது: நான் பேச முடிகிறதா என்று சோதிப்பது அவள் பொறுப்பு.

இரண்டாம் முறை, சமதளத்தில் ஒரு கூட்டத்தின் பின்னால் ஒதுங்கிச் சென்றேன். மேட்டுக்குச் சற்று முன் முன்பகுதிக்கு வந்தேன். ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொருவராக என்னைக் கடந்து சென்றார்கள். நாடி நூற்றுக்குச் சற்று மேல் நின்றது. செங்குத்தான பகுதியில் பச்சைச் சட்டை அணிந்த ஒரு பெண்ணுருவம் மிக மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அருகில் வந்ததும் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றி வேகத்தைக் குறைத்தேன். கால் நிற்கவில்லை.

"அவங்கள தாண்டலாம்ங்க மாமா. உங்களுக்குத் தெம்பு இருக்குது."

"இருக்கட்டுங்க மாப்பிள்ளை."

"அப்பா, எதாச்சும் பேசு," என்றாள் சுமதி. "சும்மா வராத. பேச வருதான்னு பாக்கணும்."

என்ன பேசுவதென்று தெரியவில்லை. மேடு என்றதும் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"உங்க தாத்தா ஒருநா கேவுரு மூட்டைய வெச்சிக்கினு தள்ளிக்கினு போனாரு. எனக்கு ஆளு யாருன்னே தெரியாது. நானும் எறங்கிட்டன்."

"எந்தத் தாத்தா? அம்மாவோட அப்பாவா?"

"ஆமா. எந்த ஊரு, எத்தினி மாடுன்னு கேட்டாரு. சொன்னன். பாதி மேட்டுல, எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுன்னாரு. மேலே ஏறினதும், அடுத்த வாரம் வூட்டுப் பக்கம் வான்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அன்னிக்கி நான் மிதிச்சிக்கினு போயிருந்தா நீ ஏது?"

சுமதி கையிலிருந்த துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா இத சொல்லவே இல்லையேப்பா."

"அவளுக்கு அது பிடிக்காது. மாடு பேரம் மாதிரி இருக்குதுன்னுவா."

மாதேஷ் சிரித்தார். சுமதியும் சிரித்தாள். பச்சையம்மாள் வாழ்ந்த காலத்தில் நாங்கள் மூவரும் அவளைக் குறித்துச் சிரித்ததுண்டு. அவள் போனபின் அதுவே முதல் முறை. நாடி நூற்று ஐந்தில் நின்றது. உச்சி வந்தது. அந்தப் பெண்ணுருவம் இறக்கத்தில் சட்டென்று விரைந்து மறைந்துவிட்டது. நான் ஓயவில்லை, இறக்கம் முடியும் வரை காலை மெல்லச் சுழற்றிக்கொண்டேயிருந்து, பிறகும் சிறிது நேரம் சுழற்றி, அதன் பின்னரே இறங்கினேன். தலை சுற்றவில்லை. என் பிரிவில் எனக்குப் பின்னே ஒருவர் மட்டும் இருந்தார்.

அம்மையார் அந்தப் பந்தயத்தின் நாடிப் பதிவைப் பார்த்துத் தலையசைத்தார். தினமும் காலையும் மாலையும் மகளுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும், வலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனைகளுடன் என்னை அனுப்பினார். சுமதி ரசப்பொடி, மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் உப்பில்லாமல் அரைத்துப் பொட்டலம் கட்டினாள்.

மாதேஷ் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிச் சென்றார். பூட்டைத் திறந்தேன். அடைத்துக் கிடந்த அறையின் மணம் வெளியே வந்தது. சுவரில் பச்சையம்மாளின் படம் சற்றுச் சாய்ந்திருந்தது. எத்தனையோ மாதங்கள் நான் விரும்பிக் காத்திருந்த நேரம் அது. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தேன். படபடக்கவில்லை.

பிறகுதான் விளங்கியது. நான் உண்ணும் மாத்திரைகளுள் ஒன்று இதயத்தை விரைந்து அடிக்க விடுவதில்லை. அச்சம் வந்தாலும், சினம் வந்தாலும், மகிழ்ச்சி வந்தாலும் அது ஒரே நடையில்தான் செல்லும். இளமையில் என் உடல் எனக்கு முன்னே ஓடிச் சென்று சேதி சொல்லும். மனம் பின்னால் வரும். இப்போது மனம் முன்னே வந்து நிற்கிறது. உடல் மெல்ல வந்து சேர்கிறது. இந்நோய் கண்ட அன்பர்கள் தங்களுக்கு உணர்வு மரத்துவிட்டதோ என்று கலங்க வேண்டாம். மரக்கவில்லை, வழியில் வந்துகொண்டிருக்கிறது.

படத்தை நேராக்கினேன். நாற்காலியைத் துடைத்து, சன்னலைத் திறந்து உட்கார்ந்தேன். அடுப்பு மூட்டவோ, கிணற்றைப் பார்க்கவோ அவசரம் தோன்றவில்லை. வீடு திரும்பிய மகிழ்ச்சி வந்து சேரும் வரை அங்கேயே காத்திருந்தேன். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கிய பிறகு அது வந்தது.