அருணாதேவிக்கு முகம் நினைவில்லை

அருணாதேவியை ஆறு வருடமாக என் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறேன். ஒரு நாள்கூட அவள் சாய்ந்து உட்கார்ந்து பார்த்ததில்லை. சீட்டின் நுனியில்தான் இருப்பாள். கால் ஆடிக்கொண்டே இருக்கும். "சுப்பிரமணிண்ணா, அந்த லாரியைத் தாண்டுங்களேன்" என்பாள். தாண்டினால் அடுத்த லாரி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எல்லோரும் சொல்வார்கள். தேய்வது என்னவோ என் வண்டிச் சக்கரம்தான்.

நான் ஒரு கண் மருத்துவமனையில் டிரைவர். அவளுக்கு அங்கே கேமரா வேலை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலக்கடலை போட்டுப் பிழைக்கும் வீட்டில் பிறந்து, டிப்ளமோ படித்து வந்தவள். ஊர் ஊராகப் போய், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் விழித்திரையைப் படம் எடுப்பாள். ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோ இருக்கும் பிள்ளைகள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையை விலக்கி, டார்ச் விளக்கு மாதிரி இருக்கும் கேமராவைக் கருவிழி மேல் வைப்பாள். பிள்ளை வீறிட்டு அழும். வெளியே நிற்கும் பாட்டிமார் இவளைச் சபிப்பார்கள். படத்தில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்திருந்தால் இரண்டு நாளைக்குள் லேசர் வைத்தாக வேண்டும். தவறினால் விழித்திரை பிய்ந்துபோகும். அதன்பிறகு யார் காலில் விழுந்தும் பிரயோஜனம் இல்லை.

வேலைக்கு வந்த புதிதில் வேங்கிக்காலில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆனது. "பேர் வெச்சுட்டு வந்துடறோம் மேடம், ஒரே வாரம்" என்று கேட்டார்கள். இவளும் மனம் இளகிச் சரி என்றாள். அறிவுமதி என்று பெயர் வைத்தார்கள். இப்போது ஐந்து வயது, இரண்டு கண்ணும் தெரியாது. ஞாயிறு தவறாமல் அருணா அங்கே போவாள். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டதுமே, "அருணா அத்தை ஓடி வருது!" என்று அந்தப் பெண் கத்தும். திரும்பி வந்து வண்டி ஏறும்போது இவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

போன கார்த்திகைத் திருவிழாவில், தேருக்கு முந்தின நாள், அடி அண்ணாமலையிலிருந்து மாறனும் கீர்த்தனாவும் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, ஏழாம் மாதமே பிறந்த பையன். படத்தைப் பார்த்த டாக்டர், "நாளைக்கு நாலு மணிக்குள்ள லேசர் ஆரம்பிக்கணும். அதுக்கப்புறம் நான் ஊர்ல இல்லை" என்றார். இருவரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் ஒரு மணி வரை ஆளைக் காணோம். போன் அணைந்திருந்தது. எப்படியோ பக்கத்து வீட்டு எண்ணைப் பிடித்து அருணா கேட்டாள். கரும்புத் தொட்டில் எடுக்கப் போயிருக்கிறார்கள் என்றார்கள்.

பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டவர்கள், பிறந்த பிறகு கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, சேலையில் தூளி போட்டு, அதில் பிள்ளையைக் கிடத்தி, புருஷன் முன்னும் பெண்டாட்டி பின்னுமாகத் தோளில் சுமந்து மாட வீதி சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். தேர் அன்று எங்கே திரும்பினாலும் தொட்டில்தான்.

போலீஸ் தடுப்புக்கு வெளியே வண்டி நிற்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

"ஆள் அடையாளம் தெரியுமா?"

திருதிருவென்று விழித்தாள். "முகம் ஞாபகமே இல்லண்ணா. பையனோட இடது கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் மேல ரெண்டா பிரிஞ்சு நெளிஞ்சு போவும். அது மட்டும் அப்படியே நிக்குது."

"ரொம்ப நல்லாயிருக்கு. ஒவ்வொரு தொட்டிலா கேமராவை வெச்சுப் பாத்துக்கினே வா!" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மட்டும் பதற்றம் இருக்காதா?

தொட்டில் தொட்டிலாக எட்டிப் பார்த்தாள். "எத்தனாம் மாசத்துல பொறந்தது?" என்று கேட்டாள். ஒரு கிழவி, "நல்ல நாளும் அதுவுமா இன்னா கேள்வி இது? கண்ணு வெக்காத, போ!" என்று விரட்டினாள். மணி ஒன்றே முக்கால். இரண்டு பத்து. வேர்வையில் நனைந்துபோய், கூட்டத்தில் இடிபட்டு, ஒரு செருப்பையும் தொலைத்துவிட்டு அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். பே கோபுரத் தெரு திரும்பும் இடத்தில், எங்களைப் பார்த்ததும் ஒரு தொட்டில் மட்டும் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் மறந்தாலும் அவர்கள் எங்களை மறக்கவில்லை.

"சுத்தி முடிச்சுட்டு நாளைக்கு வர்றோம் மேடம்" என்றான் மாறன்.

"நாளைக்கு டாக்டர் இல்லைங்க."

"வெளக்கு காட்டினா திரும்பறான்ங்க பையன். கோளாறு இருந்தா திரும்புவானா? லேசர்னா சூடு வெக்கறதுதானே? பச்சப்புள்ள கண்ணுல போயி…"

அருணா பொய் சொல்லவில்லை. "சூடுதாங்க. கடைமடைக்குத் தண்ணி எட்டலைன்னு கண்ட இடத்துல வாய்க்கா வெட்டினா இன்னா ஆவும்? வரப்பு சரிஞ்சு நிலமே போயிடும். பையன் கண்ணுக்குள்ள இப்ப அதான் நடக்குது. ஓரத்துல சூடு வெச்சு கடைமடையை விட்டுக்கொடுத்துட்டா நடுநிலம் நிக்கும். ஓரப் பார்வை கொஞ்சம் கம்மியாவும். ஆனா அம்மா முகம் தெரியும்."

அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் கரும்பை விடவில்லை. "பாதியில எறக்கினா சாமி குத்தம்ங்க."

பெரிய தெருவில் தேர் நின்றுபோயிருந்தது. கூட்டம் ஒரு அடி நகரவில்லை. மணி இரண்டே முக்கால். அருணா தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவை சரின்னு சொல்லிட்டு ஒரு புள்ளையை இருட்டுல விட்டுட்டேங்க. இன்னொரு தடவை என்னால முடியாது."

கீர்த்தனா தோளில் இருந்த கரும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் பையனைத் தூளியிலிருந்து எடுத்தாள். "நேந்துக்கினவ நான்தானே? சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க சுத்தி முடிச்சுட்டு வாங்க." வெறுந்தொட்டில் ஆகாது என்பதற்காகப் பையனின் துண்டை மட்டும் தூளியில் போட்டாள். பின்னால் நின்ற யாரோ ஒருவர் கேட்காமலே வந்து தோள் கொடுத்தார். மாறன் அழுதபடியே நின்றான்.

சந்துக்குள் புகுந்து வண்டிக்கு வந்து, நான் பறந்ததைப் போலீஸ் பார்த்திருந்தால் லைசென்ஸ் போயிருக்கும். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லேசர் அறைக் கதவு மூடியது. டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பொட்டுப் பொட்டாக ஆயிரத்துக்கும் மேல் சூடு வைத்தாராம். பிள்ளையின் தலை அசையக் கூடாது. பிடித்துக்கொண்டு நின்றவள் அருணா. "ஒண்ணேகால் மணி நேரம் சிலை மாதிரி நின்னாங்க" என்று நர்ஸ் சொன்னபோது நான் நம்பவில்லை.

அடுத்த வாரம் திரும்பப் படம் எடுத்தாள். டாக்டர் வெளியூரிலிருந்தே பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்: "அடங்கிடுச்சு. பின்னாடி கண்ணாடி போட வேண்டிவரலாம். பார்வை நிக்கும்."

அந்த ஞாயிறு வேங்கிக்காலுக்குக் கிளம்பினோம். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. தாண்டச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தெருமுனையில் இறங்கி மெதுவாக நடந்தாள். நானும் கூடவே போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த அறிவுமதி செருப்புச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது:

"அம்மா, யாரோ வர்றாங்க. யாருன்னு தெரியல."