பிழிந்த பாலைத் திரும்ப ஊற்று

எட்டாம் நாள் சடங்கான கடமைக்கு வந்த பெண்கள் ஆரையம்பதி வீட்டு முற்றத்தில் கறிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுபாகரன் குசினியில் அரிதட்டில் கோதுமை மாவை அரித்தான்.

சீனித்தம்பி மாமா வாசலை மறித்து நின்றார். "கொள்ளி வச்ச புள்ள குசினிக்குள்ள என்னடா செய்யிறாய்?"

"கேக் போடுறன் மாமா. அம்மாட தேங்காய்க் கேக். படையலுக்கு."

"கேக்கா? பொறந்தநாளா கொண்டாடுறம்?"

"நண்டுக்கறி வைப்பீங்க, மீன் பொரியல் வைப்பீங்க. விருப்பமானதைத்தானே வைக்கிற?"

"அது நம்மட சாப்பாடு. இதைக் கண்டா ஊர் சிரிக்கும்."

சுபாகரன் அரிதட்டை இன்னொரு முறை தட்டினான்.

எட்டு நாளைக்கு முன் இறந்த அவன் அம்மா பத்தினிப்பிள்ளை, புருசன் போன மறு வருடம் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அதே வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்திருந்த திரினிடாட்காரி மார்சியாவிடம் இந்தக் கேக்கைக் கற்றாள். தேங்காய்ப்பூ, சாதிக்காய், கறுவாப்பட்டை, பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை. மேலே ஐசிங் கிடையாது. பார்த்தால் கருங்கல் மாதிரி இருக்கும்.

ஊருக்குத் திரும்பியபோது அவளைப் பற்றிப் பல கதைகள் அவளுக்கு முன்பே வந்துசேர்ந்திருந்தன. அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு சித்திரை வருசத்துக்கும் கேக் போட்டு, கதை கட்டிய வீடுகளுக்கே முதலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "திண்ட வாய் கொஞ்ச நேரமாவது சும்மா கிடக்கும்" என்பாள். எல்லாரும் தின்றார்கள். பெயர் மட்டும் 'அரபிக் கேக்' என்று வைத்தார்கள். அரபிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

குளிரூட்டிகள் திருத்துவது சுபாகரனின் தொழில். வெப்பத்தை வெளியே தள்ளத் தெரிந்தவன். இன்று அதை உள்ளே பிடித்துவைக்க வேண்டும். அம்மாவிடம் அவன் வாங்கிக் கொடுத்த மின்சார ஓவன் இருந்தது. அவள் அதற்குள் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தாள். அவளுடைய முறை வேறு: பெரிய சட்டியில் மணல், மணலின் மேல் கேக் தட்டு, மூடியின் மேல் சிரட்டைத் தணல். சட்டியை அடுப்பில் வைத்து மணலைச் சூடேற்றினான்.

அம்மாவின் அக்கா கண்ணகை, தேங்காய் திருவித் தருவதாகச் சொல்லியிருந்தாள். கேக் எதற்கு என்று அவள் கேட்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. சற்று நேரத்தில் சுளகில் தேங்காய்ப்பூவைக் கொண்டுவந்து வைத்தாள். சுபாகரன் அள்ளினான். சக்கை. உலர்ந்து உதிர்ந்தது.

"பெரியம்மா, பால் எங்க?"

"பிழிஞ்சு எடுத்து வச்சிருக்கன். திருவினாப் பிழியிறதுதானே? மறுகா என்ன?"

சுபாகரன் சிரித்தான். சுடுகாட்டிலிருந்து வந்தபின் முதற்சிரிப்பு. அது வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. அடக்கிக்கொண்டான்.

"என்னடா மனே, பயித்தியமா?"

"அம்மாவும் அங்க முதல் நாள் இதைத்தான் செஞ்சவ. ஒட்டப் பிழிஞ்சு சக்கையைக் குடுத்திருக்கா. கேக்குக்குப் பிழியாத பூதான் வேணுமாம். மார்சியா நிலத்தில குந்தி இருந்து சிரிச்சவவாம். அம்மா பாலைத் திரும்ப மாவுக்குள்ள ஊத்தினவ. அதுக்குப் பிறகு எப்பவும் அப்பிடித்தான். பிழிஞ்சு, திரும்ப ஊத்துவா."

கண்ணகை சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒருநாளும் சொல்லல்ல."

"நீங்க கேக்கல்ல."

அவள் போய்ப் பால் சட்டியைக் கொண்டுவந்தாள். மாவில் தானே ஊற்றினாள். "கிண்டு. கட்டி விடாம கிண்டு."

கேக் வெந்து மூடியைத் திறந்தபோது ஒரு பக்கம் கருகியிருந்தது. தணலைச் சமமாகப் பரப்பவில்லை, அவன் பிழை. அம்மா பார்த்திருந்தால் தலையில் குட்டியிருப்பாள்.

படையல் அறையில் இலை விரித்தாகிவிட்டது. மாமா மறுபடியும் குறுக்கே வந்தார். "அக்கா, நீயாவது சொல்லு. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் அவள் போகக்குள்ளயும் சொன்னிச்சு, வரக்குள்ளயும் சொன்னிச்சு" என்றாள் கண்ணகை. "நாமளும் சேந்துதான் சொன்னம். இனி எங்க போகப் போறாள்? தள்ளுகா."

பெண்களோடு பேசும்போது மட்டும் சேர்க்கும் 'கா'வை ஆம்பிளைக்குப் போட்டதில் முற்றத்துப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மாமா தள்ளி நின்றார்.

சுபாகரன் நண்டுக்கறியை ஓரமாக நகர்த்தி, கேக்கை இலையின் நடுவில் வைத்தான். கருகிய பக்கத்தைச் சுவருக்குத் திருப்பக் கை போனது. திருப்பவில்லை. வாசலைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

வெள்ளைத் துணியால் மூடி, அம்மா வந்து சாப்பிட்டுப் போகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். சாதிக்காய் வாசம் கதவிடுக்கால் பின்னாலேயே வந்தது.

"அரபிக் கேக்கா அது?" யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"இல்ல" என்றான் சுபாகரன், வெளியே தெரு ஒழுங்கை வரைக்கும் கேட்க. "பத்தினிப்பிள்ளைட கேக்."