ராகுகாலம் முடிந்து கொடுக்க இருந்த கடிதம்

அந்தச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த கிழமை எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. நோயாளியான பெற்றோரைப் பார்க்க லீவில் போகும் தொழிலாளிக்கு முதலாளி சில கிழமை சம்பளம் கொடுக்க வேண்டும், மருந்துக் காப்புறுதியையும் நிறுத்தக்கூடாது என்றது அது. பல்கலைக்கழகத்தில் தொழில் உறவுகள் படிக்கிற எனக்கு இது பண்டிகை மாதிரி. முழுவதையும் வாசிக்கப் பொறுமை வரவில்லை. மூன்று பக்கம் முடித்ததுமே கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் நாலு நிமிடக் குரல் செய்தி போட்டுவிட்டேன்.

அன்று பின்னேரமே கீழ்வீட்டு அன்ரி வந்து கதவைத் தட்டினார். கெபெக் மாகாணத்து லாசாலில் எங்கள் கட்டடத்துக்கு நாலு தெரு தள்ளி, உறைந்த உணவு பொதி செய்யும் ஆலையில் அவருக்குப் பல வருட வேலை. யாழ்ப்பாணத்தில் அவருடைய அம்மாவுக்கு இதயத்தில் ஒப்பரேசன் வைத்திருந்தார்கள். ஆறு கிழமையாவது பக்கத்தில் நிற்க வேறு பிள்ளைகள் இல்லை.

“பிள்ளை, நீ சொன்னது கெசட்டில வந்திட்டுதோ?”

“ஓம் அன்ரி, அச்சடிச்சே வந்திட்டுது.”

அச்சில் வந்தது உண்மைதான். ஆனால் அது இன்னும் வெறும் சட்டமூலம். ஊரில் கெசட்டில் வந்துவிட்டால் அடுத்த நாளே அது நடைமுறை. அன்ரி அந்த அர்த்தத்தில் கேட்டார். இங்கே பிறந்த எனக்குக் கெசட் என்றால் ஏதோ அரசாங்கத் தாள். அவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் நான் நிற்கவில்லை. அப்போதே மடிக்கணினியைத் திறந்து, சுப்பர்வைசருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதல் பந்தி அம்மாவின் வருத்தம். இரண்டாம் பந்தி முழுக்கச் சட்டம், நல்ல மிடுக்காக.

“திங்கக்கிழமை குடுக்கிறன். அவன் முடியாது எண்டால்?”

“முடியாது எண்டு சொல்ல அவருக்கு உரிமையே இல்லை அன்ரி.”

திங்கள் காலை மெட்ரோவில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் முன்னால் அந்தச் சட்டமூலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பதால் மிச்சப் பக்கங்களை அப்போதுதான் புரட்டினேன். யாருக்குப் பொருந்தும் என்ற பகுதி வந்தது. மத்திய அரசின் தொழிற்சட்டத்துக்குள் வரும் வேலையிடங்களுக்கு மட்டும்: வங்கி, விமானம், தொலைபேசி, மாகாண எல்லை தாண்டி ஓடும் லொறி. கெபெக்கில் சாப்பாடு பொதி செய்யும் ஆலை மாகாணச் சட்டத்துக்குள். பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிற விஷயம். சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

அன்ரியை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆலையில் தொலைபேசியை லொக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏழு மணிக்கு வேலை தொடங்கியிருக்கும். இல்லாத சட்டத்தைக் காட்டி, “இது என்ர உரிமை” என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டால், திரும்பி வரும்போது அந்த வேலை இருக்குமா? அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க மேடைக்கு ஓடினேன். பிறகு பஸ். பஸ் ஒவ்வொரு சந்தியிலும் பனிக்குவியலைப் பார்த்துப் பார்த்துத் திரும்பியது. இருக்கையில் இருக்க முடியாமல் எழுந்து கதவடியில் நின்றேன்.

ஆலை வரவேற்பில் இருந்த பெண் “போன்ஜூர்” சொல்லி முடிப்பதற்குள் அன்ரியின் பெயரைச் சொல்லிவிட்டேன். வலைத்தொப்பியோடு அவர் வந்தபோது நேரம் எட்டே முக்கால்.

“என்னடி, வகுப்பில்லையே?”

“கடிதம் குடுத்திட்டியளோ?”

“எங்க குடுக்கிறது! திங்கக்கிழமை ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம். பிறேக்குக்குப் பிறகு குடுப்பம் எண்டு வைச்சிருக்கிறன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மாதம் சூரியன் இங்கே உதிப்பதே ஏழரைக்கு, உங்கள் ராகுகாலக் கணக்கு பிழை என்று நான் அவரோடு சண்டை பிடித்தவள். அன்று அந்தக் கணக்கை எடுக்கவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன்.

அன்ரி வெளியே கையைக் காட்டினார். ஆலையின் பின்பக்கம் லொறி ஒன்று நின்றது.

“அந்த லொறி மாகாணம் தாண்டி ரொறொன்ரோ போகுது. அதை ஓடுறவனுக்கு இந்தச் சட்டம் வருமோ?”

“சட்டமா வந்தால் அவருக்கு இருக்கும்.”

“அதுக்குள்ள போற பெட்டியைக் கட்டுற எனக்கு இல்லை?”

“இல்லை அன்ரி.”

“நல்ல சட்டம்தான் படிக்கிறாய்.”

ஆனால் பஸ்ஸில் மாகாணச் சட்டத்தைத் தேடி வாசித்திருந்தேன், இந்த முறை கடைசி வரி வரை. தாயாருக்குப் பாரதூரமான வருத்தம் என்றால் சில கிழமை போகலாம். சம்பளம் கிடையாது. வைத்தியசாலைக் கடிதம் கேட்பார்கள். வேலையைப் பறிக்க முடியாது. அதைச் சொன்னதும் அன்ரி சுவரில் சாய்ந்துகொண்டார்.

“சம்பளம் இல்லாமல் ஆறு கிழமை,” என்றார். பிறகு, “அம்மா தனிய.”

கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, நான் ரசித்து ரசித்து எழுதிய இரண்டாம் பந்தியை மடிப்பு வைத்துக் கிழித்தார். மிஞ்சிய இடத்தில் மாகாணச் சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார். வரவேற்புப் பெண்ணின் பேனையால் எழுதினேன். ஒன்பது அடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் உள்ளே போனார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நடந்து நடந்து பனியில் பாதை போட்டிருப்பேன். கடைசியில் அன்ரியின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

“ஆஸ்பத்திரித் துண்டு கொண்டரட்டாம். போகலாமாம்.” வலைத்தொப்பியைச் சரிசெய்தார். “உன்ர சட்டம் எப்ப வரும்?”

“நாடாளுமன்றத்தில இன்னும் இரண்டு வாசிப்பு இருக்கு. பேந்து செனற் சபை.”

“ஆறுதலா வாசிக்கட்டும். நான் அதுக்குள்ள போயிட்டு வந்திடுவன். நீ முதல் அந்தக் குறூப்பில திருத்திச் சொல்லு, இன்னும் எத்தினை பேர் கடிதத்தோட நிக்கினமோ.”

பஸ் தரிப்பிடத்தில் நின்று பதிவு பண்ணத் தொடங்கினேன். மறுபடியும் நாலு நிமிடம் போய்விட்டது. அழித்தேன். “நான் சொன்னது பிழை. அது இன்னும் சட்டமில்லை, எங்கட ஆலையளுக்கு வராது. கடிதம் குடுக்க முதல் எனக்குப் போன் அடியுங்கோ.” அனுப்பிவிட்டுப் பார்த்தால், வகுப்புக்குப் போகும் பஸ் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.