பரண்மேல் எழுதிய பரீட்சை

ஜெயசுதாவுக்குப் பாக்கி இருந்தது கணக்குத் தாள் ஒன்றுதான். தேறினால் பட்டம். தேறாவிட்டால் குடகில் மிளகு பறிக்கும் வேலை. அவள் அண்ணன் அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். கொரோனாவில் கல்லூரியை மூடிவிட்டதால் பரீட்சை செல்போனில். வெள்ளிமலைக்கு மேலே அவர்கள் ஊரில் செல்போன் டார்ச் அடிக்கத்தான் உதவும்.

டவர் கிடைத்த ஒரே இடம் அமிர்தத்தின் சாமைக் கொல்லையில் இருந்த காவல் பரண். அமிர்தம் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவள் புருஷன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது வேறு கதை.

"ஏறி எழுதிக்க. ஆனா பரண்ல ஏறுனவ குருவி ஓட்டணும். சும்மா குந்திக்கினு இருக்கவா கட்டி வெச்சிருக்கேன்?" என்றாள்.

"ஓட்டறேன் அத்த," என்று ஒத்துக்கொண்டாள் ஜெயசுதா. மலையில் அது வழக்கம்தான். பரீட்சை நடத்துகிறவர்களுக்கு அது தெரியாதே.

அன்றைக்குக் கொல்லைக்குக் கீழே, ரோட்டு வளைவில், ஆள் சேரட்டும் என்று ஜீப்பை நிறுத்தியிருந்தேன். பத்து மணிக்குப் போனில் மேற்பார்வைக்கு ஒரு சார் வந்தார்.

"ரூமைச் சுத்திக் காட்டும்மா."

அவள் போனைச் சுற்றினாள். சாமை, மலை, ஒரு மாடு, நான். நான் கும்பிடு போட்டேன்.

"ரூம் எங்கம்மா?"

"இதான் சார்."

"செவுரு?"

"இல்ல சார்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

கால் மணி நேரத்தில் குருவிக் கூட்டம் இறங்கியது. பழக்கதோஷம், ஜெயசுதா "ஓஹோய்" என்று ஒரு கத்து கத்தினாள்.

"யாரம்மா கூப்பிடற? மொத வார்னிங்."

"குருவி சார்."

"பரீட்சையில குருவிக்கு இன்னா வேல?"

அடுத்த கூட்டத்துக்கு வாயைத் திறக்காமல் எழுந்து கவணில் கல் விட்டாள். முகம் திரையை விட்டுப் போய்விட்டது. இரண்டாவது வார்னிங்.

"இன்னொரு தடவ ஆச்சுன்னா பரீட்ச அதுவா மூடிக்கும்மா. என் கையில இல்ல," என்றார் சார்.

மூன்றாவது கூட்டம் வந்தது. ஜெயசுதா தலையைத் தூக்கவில்லை. குருவிகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சாவகாசமாகச் சாப்பிட்டன. அந்த நேரம் பார்த்து அமிர்தம் புல்லுக்கட்டோடு வந்து சேர்ந்தாள். கட்டு கீழே விழுந்தது. வாய் திறந்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அக்கா, நீ கத்துனா அவ பரீட்ச மூடிக்கும்."

"என் சாம போவுதுடா," என்று பல்லைக் கடித்தாள்.

"போனா சாம. மூடுனா அந்தப் பொண்ணு குடகுக்குப் போவும்."

அமிர்தம் பரணைப் பார்த்தாள். பிறகு என் தோள் துண்டை உருவிக்கொண்டு கொல்லையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினாள். துண்டுதான் வீசினாள், சத்தம் இல்லை. ஜீப்பில் இருந்த நான்கு பேரையும் கையைக் காட்டி இறக்கினாள். ஒரு மணி நேரம் ஆறு பேர் பேசாமல் துணி வீசிக்கொண்டு ஓடினோம். ரோட்டில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது.

ஜெயசுதா தேறிவிட்டாள். வாங்கியது ஐம்பத்து மூன்று. கள்ளக்குறிச்சியில் ஃபேனுக்குக் கீழே எழுதிய அவள் வகுப்புப் பையன் பகலவனுக்கு எழுபத்தெட்டு.

"அவன இந்தப் பரண்ல ஏத்தியிருந்தா எவ்ளோ வாங்கியிருப்பான்?" என்று அமிர்தத்தைக் கேட்டேன்.

"மொத குருவிக்கே எறங்கி ஓடியிருப்பான்," என்றாள்.