யூரோவை ரூபாயாக மாற்றாதவள்

என் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தவள். நான் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் பதினாலு வருடம். இந்த வருடம் பர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வார்கள். நானும் நம்பிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவேன். டவுன்ஷிப்புக்கு வெளியே, இந்திரா நகரில் வாடகை வீடு. இரண்டு பெண்கள். அப்போது பெரியவள் ஏழாவது, சின்னவள் இரண்டாவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தபோது சொன்னாள்.

"நான் வேலைய விடப்போறேங்க. ஜெர்மன் படிக்கணும்."

அவளோடு நர்ஸிங் படித்த தோழி ஒருத்தி ஏற்கெனவே ஜெர்மனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரியில் பத்து மாதம் வகுப்பு, பிறகு பரீட்சை, அதில் தேறினால் அங்கே வேலை. எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள்.

"அதுவரைக்கும் வூட்டுச் செலவு?" என்றேன்.

"உங்க சம்பளம் ஒன்னுதான்" என்று சொல்லி, பெரியவளின் பழைய நோட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

வாடகை, அரிசி, ஸ்கூல் ஃபீஸ், பஸ் காசு என்று வரிசையாக எழுதியிருந்தது. பரீட்சைக் கட்டணம் மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது.

"இத ரெண்டு தடவ எழுதிட்ட பாரு."

"தெரிஞ்சிதான் எழுதினேன். மொத தடவ ஃபெயிலானாலும் ஆவேன்."

"இன்னாமா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இப்பிடி சொல்ற?"

"ஆவலன்னா அந்தக் காசு மிஞ்சும். ஆயிட்டா யாருகிட்டயும் போய் நிக்க வேணாம் இல்ல?"

அந்தப் பத்து மாதமும் அவள் விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறினாள். கடலூர் வரைக்கும் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குப் பாடம் படிக்க முடிந்தது என்று அர்த்தம். கேபிள் போனது. கறி மாதத்துக்கு இரண்டு தடவை ஆனது. காடாம்புலியூரில் இருக்கிற அவள் அம்மா வீட்டிலிருந்து பலா வரும் நாளில் சுளை பிள்ளைகளுக்கு, கொட்டை குழம்புக்கு. ஆனால் பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் அவள் கை வைக்கவே இல்லை. வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றின் மேலும் ஜெர்மன் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினாள். அரிசி டின்னில் 'ரைஸ்' என்று இருந்தது; ஜெர்மனிலும் அப்படித்தானாம். "இது இங்கிலீஷுதானம்மா, இதுக்கா நீ புதுச்சேரி போற?" என்று சின்னவள் கேட்டபோது அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

முதல் தடவை அவள் தேறவில்லை. எழுத்தில் எல்லாம் வந்துவிட்டது, பேச்சில் போய்விட்டது. முடிவு வந்த அன்றும் வழக்கம்போல அவள் சாப்பிட்டாள். நோட்டை எடுத்து, பரீட்சைக் கட்டணம் என்று எழுதியிருந்த முதல் வரியை அடித்தாள். மறுநாளிலிருந்து தோசை வார்க்கும்போதுகூட வாய்விட்டு ஜெர்மன் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை தேறினாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய பட்ஜெட். முதலில் அவள் போவது, நான்கு மாதத்தில் வீடு பார்த்துவிட்டு எங்களை அழைத்துக்கொள்வது என்பது திட்டம். வேலை கொடுத்த ஜெர்மன் மருத்துவமனைக்காரர்கள் அவள் டிக்கெட்டை மட்டும் தருவார்கள். எங்கள் மூன்று பேருக்கும் நாங்களே எடுக்க வேண்டும். அவள் படிப்பை அந்த நாடு முழுதாக அங்கீகரிக்கும்வரை குறைந்த சம்பளம். அந்த ஒரு சம்பளத்தில் நான்கு பேர் வாழ வேண்டும்.

நான் அந்த ஊர் விலைகளைப் போனில் பார்த்து, ஒவ்வொன்றையும் ரூபாயாகப் பெருக்கிக்கொண்டே இருந்தேன். "முடி வெட்ட இவ்ளோவா? இந்தக் காசுல இங்க ஒரு வாரம் சாப்புடலாம்!" நான்காவது தடவை நான் அப்படிச் சொன்னபோது போனை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"ரூபாயா மாத்தாதீங்க. சம்பளம் யூரோவுல வருது, வாடகை யூரோவுல போவுது. நடுவுல ரூபா எங்கேர்ந்து வந்துது? நீங்க இப்பிடி மாத்திக்கினே இருந்தா நாம ஒரு நாளும் கெளம்ப மாட்டோம்."

ஞாயிறுதோறும் தோழிக்குப் போன் போட்டுக் கேள்வி கேட்பாள். எங்களுக்கு யாரும் சொல்லியிராத விஷயங்கள் அப்படித்தான் தெரிய வந்தன. வாடகை வீட்டில் பல இடங்களில் சமையலறை என்று வெறும் சுவர்தான் இருக்குமாம். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் குடிவருபவரே வாங்கி மாட்ட வேண்டுமாம். "அடுப்பங்கரை இல்லாத வூட்டுக்கு வாடகையா?" என்றேன். அவள் 'சமையலறை, பழையது' என்று எழுதி ஒரு தொகை போட்டாள். பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தரும் என்று தோழி சொன்னதை மட்டும் எழுதவில்லை. "கைக்கு வரட்டும், அப்புறம் எழுதலாம்" என்றாள்.

என் அண்ணன் அதே சுரங்கத்தில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸில் இருப்பவர். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"இன்னாம்மா, நீ மட்டும் போ. தம்பி புள்ளைங்கள வச்சிக்கினு இங்கியே இருக்கட்டும். ஒருத்தர் சம்பாதிச்சி அனுப்பினா இங்க சொந்தமா வூடே கட்டிடலாம். நாலு பேரும் போனா வர்றது சாப்பாட்டுக்கே சரியாப் போவும்."

அவர் சொன்னது உண்மைதான்.

"நீங்க சொல்றது சரிங்க மாமா" என்றாள் அவள். "நானும் போட்டுப் பாத்தேன். மூணு வருசத்துல வூடு கட்டிடலாம். அதுக்குள்ள சின்னது ஆறாவது போயிடும், பெரியது வயசுக்கு வந்துடும். அத வரவு, செலவு எந்தப் பக்கம் எழுதறதுன்னு எனக்குத் தெரியலீங்க மாமா."

அண்ணன் எழுந்துபோய்ப் பரணிலிருந்து இரண்டு பெரிய சூட்கேஸ்களை இறக்கி, அவரே துடைத்துக் கொடுத்தார்.

எங்களுக்குள் சண்டை வந்தது ஒரே ஒரு வரியால். நோட்டில் 'அவருக்கு' என்று எழுதி, மாதம் ஒரு தொகை போட்டிருந்தாள். அவளுக்கென்று போட்டிருந்ததைவிட அது அதிகம்.

"இது இன்னாது?"

"உங்க கைச்செலவு. மாசம் மொத தேதி உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்."

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வயதிலிருந்து சம்பாதிப்பவன். "எனக்குப் படி அளக்கிறியா?" என்று கத்திவிட்டேன். பெரியவள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். மனைவி குரலை உயர்த்தவில்லை.

"அங்க போயி பாஷ கத்துக்கற வரைக்கும் உங்களுக்கு வேல கெடைக்காது. ஆறு மாசமோ, ஒரு வருசமோ. நான் படிச்ச பத்து மாசமும் பஸ்சுக்கு, ஜெராக்ஸுக்கு, எல்லாத்துக்கும் உங்கள கேட்டேன் இல்ல? நீங்க ஒரு நாளும் ஏன்னு கேக்கல. ஒரு தடவகூட மூஞ்சி சுளிக்கல. ஆனா நான் கேட்டேன் இல்ல? கேக்கறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது உங்களுக்கு வேணாம்."

நான் வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் ஆர்ச் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பத்து மாதம் அவளுக்குக் காசு கொடுத்ததை ஒரு பெருமையாகவே மனசில் வைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்கினாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டுக்குள் வந்து, "அந்த வரி இருக்கட்டும்" என்றேன். "இருக்கும்" என்றாள்.

பங்குனியில் அவள் போனாள். நான்கு மாதம் என்றது ஐந்தாக இழுத்தது. கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு நான் போய் இறங்கியபோது சமையலறை மாட்டி முடிந்திருந்தது. வயதான தம்பதியர் காலி செய்த வீட்டிலிருந்து வாங்கி, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அவளே பூட்டியிருந்தாள். ஒரு அலமாரிக் கதவு மட்டும் கோணலாக நின்றது. "இது ஃபிட்டருக்கு" என்றாள்.

அவளுடைய நோட்டில் இல்லாத செலவு ஒன்றே ஒன்றுதான் வந்தது. வீட்டில் டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வீடும் ரேடியோவுக்கும் டிவிக்கும் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டணம் கட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை அவள் மூன்று தடவை படித்தாள். "இத எப்பிடிங்க விட்டேன்?" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பரீட்சையில் போனதற்குக்கூட அவள் அப்படி ஆகவில்லை. அந்தத் தடவை நான் கட்டினேன். என் கைச்செலவிலிருந்து. ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

நான் போன எட்டாவது மாதம் ஒரு பார்சல் கிடங்கில் எனக்கு வேலை கிடைத்தது. பெல்ட் ஓடும் இடம்தான். ஆனால் நம் ஊர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இது விளையாட்டுச் சாமான். முதல் சம்பளத்தை அவளிடம் காட்டினேன். "இத இந்த மாசம் எதுலயும் சேக்க வேணாம்" என்றாள். "எங்கியாவது போலாம்."

நாலு பேரும் ரயில் ஏறிக் கடல் பார்க்கப் போனோம். மே மாதம், ஆனாலும் குளிர்ந்தது. பிள்ளைகள் தண்ணீரில் காலை வைத்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவள் மட்டும் சுடிதாரை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து போய் நின்றாள். அங்கிருந்தே கத்தினாள்.

"வாங்க, கொஞ்ச நேரத்துல பழகிடும்!"

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன்.