அண்ணி எழுதிய ஸ்விட்ச்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கறம்பக்குடி வீட்டிலிருந்தபடியே ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறேன். சொந்தக்காரர் வீட்டில் டிவி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அலுத்துக்கொள்வேனே தவிர, அந்தப் பெருமை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அண்ணியும் கம்ப்யூட்டர் படித்தவர்தான். கல்யாணம், பிள்ளைகள் என்று படித்தது அப்படியே கிடந்தது. அண்ணன் துபாயில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அண்ணி போனில் வீடியோ பார்த்து ஜாவாவைத் திரும்பப் பிடித்தார். புதுக்கோட்டையில் ஒரு சின்னக் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவை போய்ப் பாரு. கெடைக்கலைன்னா இந்தப் பேச்சை விட்றணும்."

இன்டர்வியூவுக்கு முதல் நாள், நான் அடுத்த மீட்டிங்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது அண்ணி தன் போனை நீட்டினார். டோல்கேட் கட்டணம் போடும் புரோகிராம். வந்திருப்பது பஸ்ஸா, லாரியா, காரா என்று பார்த்து, அதற்குரிய கட்டணத்தைச் சொல்ல வேண்டும். பல வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் என்ற கட்டளையை வைத்து எழுதியிருந்தார். கேஸ் எனப்படும் ஒவ்வொரு வாய்ப்பிலும் வண்டியின் வகை, ஓர் அம்புக்குறி, கட்டணம். அவ்வளவுதான். இவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"பிரேக் எங்க அண்ணி?" என்றேன். நான் பழகிய ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேஸின் முடிவிலும் பிரேக் என்று எழுத வேண்டும். விட்டால், ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி அடுத்த கேஸுக்குள்ளும் ஓடிவிடும்.

"இப்படியே என் போன்ல ஓடுச்சே," என்றார் அண்ணி.

என் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். வரிசையாகப் பிழைகள் வந்தன. "பாத்தீங்களா? கேஸ்ல நம்பரு, எழுத்து இதுமாதிரிதான் வரும். வகையெல்லாம் போட முடியாது. வீடியோல வர்றதையெல்லாம் நம்பாதீங்க."

என் லேப்டாப்பில் இருந்தது கம்பெனியின் பழைய ஜாவா. அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று சொல்லத்தான் ஆசை. வந்தது. தேடிப் பார்க்கச் சோம்பல். அதைவிட, எனக்குத் தெரியாதது அண்ணிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்க மனசு வரவில்லை. அண்ணி தான் எழுதியதை அழித்துவிட்டு, நான் சொன்னபடி பழைய முறையில் இஃப், எல்ஸ் என்று நீளமாக எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் இன்டர்வியூ முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதே மாதிரி ஒண்ணைக் காட்டி, என்ன வரும்னு கேட்டாங்க. ஓடாதுன்னேன். உறுதியாவான்னு திரும்பக் கேட்டாங்க. எங்க வீட்லயே ஐடில ஆள் இருக்காங்க, உறுதியாத்தான்னேன். ஒருத்தரு சிரிச்சிட்டாரு. அப்பவே போகச் சொல்லிட்டாங்க. நான் என்ன தப்பா சொன்னேன்?"

உள்ளே போய்த் தேடினேன். புது ஜாவாவில் ஸ்விட்ச்சுக்குள்ளேயே வகையைப் பொருத்திப் பார்க்கலாம். அம்புக்குறி போட்டால் பிரேக்கே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தேடி எடுத்துவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"அப்ப நான் மொதல்ல எழுதுனது சரியா?"

"சரிதான் அண்ணி."

"முழுசாவா?"

"முழுசா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லில் கருகிப்போன தோசையை எடுத்துப் போட்டுவிட்டு, "ஒங்கண்ணன்கிட்ட சொல்லாத. ஒன்னையப் போட்டு வறுத்துருவாரு," என்றார். இல்லை அண்ணி, நானே சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பேசினார். வேலை கிடைக்கவில்லை என்று அண்ணி சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணி சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு இதெல்லாம் வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ பக்கத்துலயே இருந்து சொல்லிக்குடுத்தும் வரலையா?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆமாண்ணே," என்றேன்.