கோசோத் தீவில் கை நனைத்தோம்

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. காலை ஆறே காலுக்குத் தென்காசியிலிருந்து கார் புறப்பட்டது. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பின்சீட்டில் நானும் என் தங்கையின் கணவர் முருகையாவும் இருந்தோம். போகிற இடம் மால்டா. அதன் இரண்டாவது தீவான கோசோவில் ஒரு வீடு பார்க்க வேண்டும்.

முருகையாவுக்கு ஒரே மகள், செல்வி. ஆறு வருடமாகக் கோசோ மருத்துவமனையில் நர்ஸ். கணவன், குழந்தையோடு அங்கேயே தங்கிவிட்டாள். அந்நாட்டில் வீடு வாங்கி, அரசாங்கத்துக்கு உரிய தொகையும் கட்டினால் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடைக்கும். அதற்காக முருகையா சுரண்டையில் இருந்த ஹார்டுவேர் கடையைக் கொடுத்துவிட்டார். மீதிப் பணத்துக்குப் பண்பொழித் தென்னந்தோப்பை விற்க வேண்டும். அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு முடிவு. நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். துணைக்கு என்னை அனுப்பியது தங்கைதான்.

“யண்ணே, இவிய கண்டதுக்கும் தலைய ஆட்டிட்டு வந்திருவாவ. நீ பக்கத்துலயே நில்லு” என்றாள்.

பிப்ரவரி 10, சனி. துபாயில் விமானம் மாறி, சைப்ரசில் சற்று நின்று, மதியம் மால்டாவில் இறங்கினோம். வேட்டி கட்டியிருந்த முருகையாவைக் குளிர் ஒரு உலுக்கு உலுக்கியது. துறைமுகத்துக்குப் பேருந்தில் ஆளுக்கு இரண்டு யூரோ, ஏறக்குறைய நூற்றெண்பது ரூபாய். அங்கிருந்து கோசோவுக்குக் கப்பலில் இருபத்தைந்து நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்பதில்லை, திரும்பும்போதுதான் வாங்குகிறார்கள். “வராமலே இருந்துட்டா காசு மிச்சம் மச்சான்” என்றார் முருகையா.

தீவின் நீளம் பதினான்கு கிலோமீட்டர். தென்காசியிலிருந்து சுரண்டைக்குப் போவதற்குள் தீவு முடிந்து கடலில் விழுந்துவிடுவோம். வீடெல்லாம் தேன் நிறச் சுண்ணாம்புக் கல். வேலியோரம் முழுக்கச் சப்பாத்திக்கள்ளி. ஆறு கிடையாது, அருவி கிடையாது. குழாயில் வருவதில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்தது என்றாள் செல்வி.

பிப்ரவரி 12, திங்கள், காலை பத்து மணி. ஷாரா என்ற ஊரில் வீடு. தரகர் டேனியலா என்ற பெண் தன் காரில் அழைத்துப் போனாள். செல்விக்கு டியூட்டி, வரவில்லை. வீட்டுக்காரர் சால்வு எழுபதைத் தாண்டியவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி மரியா. மாடி ஏற முடியாததால் மகன் வீட்டோடு போகிறார்கள். கேட்ட விலை மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் யூரோ.

நான்கு அறை, நடுவில் எலுமிச்சை மரம் நிற்கும் முற்றம், மொட்டை மாடியில் நின்றால் கடல். முருகையா சுவரைத் தட்டிப் பார்த்தார், கதவுக் கீலை ஆட்டிப் பார்த்தார். “கீலு நல்ல அயிட்டம்” என்று என் காதில் சொன்னார். அவர் மனசு அந்த வீட்டில் விழுந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

கீழே வந்தால் மேசை நிறைய ரொட்டி, காய வைத்த தக்காளி, வட்ட வட்டமாக ஆட்டுப்பால் சீஸ், காபி. மரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பேசப் போகும் வீட்டில், பேச்சு முடியாமல் கை நனைப்பதில்லை. வாயில் ஒன்றை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பின்வாங்க முடியாது. முருகையா நிலம் பேசப் போனாலும் இதை விடமாட்டார். அன்றும் கும்பிடு போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். காபி வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம். அவர் எடுக்காததால் நானும் எடுக்கவில்லை. மூன்றாம் முறையும் வேண்டாம் என்றபின் சால்வு தட்டைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். வாசல் வரை வழியனுப்ப வரவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய். காலை ஒன்பது மணிக்குச் செல்விக்கு டேனியலாவின் போன். சால்வு உங்களுக்கு வீடு கொடுக்க மாட்டாராம். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார். செல்வி போனை வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

“அவரு வீட்டுத் தண்ணியக் கூடத் தொடலயாமே? என் பொண்டாட்டி கை அவ்வளவு அழுக்கான்னு கேக்காராம்.”

“பேசி முடிக்காம எப்படிட்டி திங்க?”

“இது என்ன சுரண்டையாப்பா? மாமா, நீங்களாவது ஒரு வாய் காபி குடிச்சிருக்கலாம்லா?”

“மாப்பிள்ளைக்கு முன்னால நான் எப்படிம்மா குடிக்க?” என்றேன்.

“நல்லா வந்து சேந்தீய ரெண்டு பேரும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. “அஞ்சு மாசமாத் தேடி, இந்த ஒண்ணுதாம்பா நம்ம கணக்குக்கு வந்துச்சு.”

முருகையா சட்டையை மாட்டினார். “வாட்டி, நேர்ல போவோம்.”

மாலை நான்கு மணிக்குப் போனோம். மறுநாள் சாம்பல் புதன், அவர்களின் தவக்காலம் தொடங்குகிறது. தெருவில் கடைசி நாள் கொண்டாட்டம், முகமூடிப் பிள்ளைகள். சால்வு கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே செல்வி எங்கள் வழக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். முருகையா இடைமறித்தார்.

“அவருகிட்ட சொல்லு. பிடிக்காத வீடா இருந்தா பேச்சே இல்ல, நேத்தே சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன். பிடிச்சதாலதான் சாப்பிடல.”

செல்வி சொன்னாள். சால்வு முருகையாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரியாவைக் கூப்பிட்டு அவர் மொழியில் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே உட்கார்ந்தோம். மரியா பாலேடு பூசிய பெரிய கேக் ஒன்றைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். சால்வு அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். முதலில் விலை என்றார்.

பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. இடையில் உங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார் சால்வு. முருகையா போனில் குற்றால அருவியைக் காட்டினார். சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டார் சால்வு. அவ்வளவும் குடிக்கிற தண்ணீரா, குளிக்க எவ்வளவு கட்டணம் என்றார். கிடையாது என்றதும் நம்பவில்லை. கடைசியில் வீட்டு விலை மூன்று லட்சத்து நாலாயிரம் யூரோவில் வந்து நின்றது. முருகையா கையை நீட்டினார், சால்வு பிடித்தார். துணியை எடுத்தது மரியா.

“இப்போ கொண்டாங்க” என்றார் முருகையா. இரண்டு துண்டு சாப்பிட்டார். சர்க்கரை வியாதிக்காரர். செல்வி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

பிப்ரவரி 16, வெள்ளி. நோட்டரி முன்னிலையில் முன் ஒப்பந்தம். வில்லங்கம் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, அதை நோட்டரியே தேடிப் பார்த்துவிடுவார் என்றார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லை. 18ஆம் தேதி திரும்பும் கப்பலுக்கு ஆளுக்கு நாலு யூரோ அறுபத்தைந்து சென்ட். 20ஆம் தேதி தென்காசி.

பிப்ரவரி 25, ஞாயிறு. தோப்பு வாங்க இப்ராகிம் அண்ணாச்சி கடையநல்லூரிலிருந்து முருகையா வீட்டுக்கு வந்தார். குவைத்தில் பல வருடம் இருந்தவர். என் தங்கை காபி கொண்டுவந்தாள்.

“இருக்கட்டும்மா, மொதல்ல பேசி முடிச்சிருவோம்” என்றார் அவர்.

முருகையா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தத் தோப்பில் கன்று வைத்த வருடம் செல்வி பிறந்த வருடம். கன்று வைத்த தேதியே எனக்குத் தெரியும். பேரம் பெரிதாக நடக்கவில்லை. இப்ராகிம் அண்ணாச்சி சொன்ன விலையை முருகையா இரண்டாவது தடவையிலேயே ஏற்றுக்கொண்டார்.

“அப்போ சரி. காபியக் குடுங்கம்மா” என்று அண்ணாச்சி டம்ளரை எடுத்தார். முருகையா அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி குடித்துவிட்டு அண்ணாச்சி, தோப்புக் கிணற்றில் கோடைக்குத் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார்.

“நிக்கும். ஒரு வருசமும் வத்துனதில்ல” என்றார் முருகையா. பிறகு உள்ளே பார்த்து, “ஏட்டி, அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.

தங்கை வந்து ஊற்றினாள். முருகையாவின் டம்ளர் தொடாமல் நிறைந்தபடியே இருந்தது. “ஆறிப்போவுது, குடிங்க” என்றாள் அவரிடம் மெதுவாக. முருகையாவும் குடித்துக் கை நனைத்து டம்ளரைக் கீழே வைத்தபோது மணி பதினொன்று நாற்பது.